மீதி மூன்று வகுப்பு

ஷர்மிதா பியானோவை நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை.
காரணம் கேட்டேன். "போரிங்மா" என்றாள்,
கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்த ஓர் ஆள்
முந்நூறு வெள்ளிக்குக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனார்,
பெடலை மறந்துவிட்டு.

மாதக் கட்டணத்தை மட்டும் முன்பே கட்டியிருந்தேன்.
ஜெலுத்தோங்கில் மிஸ் தியோ வீட்டுக் கேட்டில்
கொசுமருந்து அடிக்கும் நோட்டீசுக்குக் கீழே
மூன்று மொழிகளில் லேமினேட் செய்து தொங்குகிறது:
பணம் திருப்பித் தரப்படாது.
நான்காவது மொழியில் மனதுக்குள் திட்டினேன்.

"மூணு வகுப்பு பாக்கி இருக்கே, நீங்க வாங்களேன்"
என்றாள் மிஸ் தியோ, விளையாட்டாகத்தான்.
நானும் விளையாட்டாகத்தான் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே பூண்டு வதங்கும் வாசம்.
பியானோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.
தாள் பறக்கும் என்று காற்றாடியை நிறுத்திவிட்டாள்.
முதல் பாடம்: நகம்.
அவள் நீட்டிய நகவெட்டியால்
ஒரு டிஷ்யூவில் பத்தையும் வெட்டிப் போட்டேன்,
ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவள் மாதிரி.

பாயான் லெப்பாசில் இருபத்திரண்டு வருடம்
மயிரிழையைவிடச் சன்னமான தங்கக் கம்பியை
நுண்ணோக்கிக்கு அடியில் சரிபார்த்த கை இது.
இதைவிடவா, என்று நினைத்தேன்.
இதைவிடத்தான்.

என் மொழியில் விரலுக்கு விரல் பெயர் உண்டு.
ஒன்று ஆளைக் காட்டும், ஒன்று மோதிரம் போடும்.
இங்கே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.
லைனில் எங்களுக்கு நம்பர் கொடுத்த மாதிரி.
நான்கு மட்டும் பேச்சுக் கேட்கவில்லை.
தனியாக எழுந்திரு என்றால்
ஐந்தையும் துணைக்கு எழுப்பிக்கொண்டு வருகிறது.
"எல்லாருக்கும் அப்படித்தான் ஆன்டி. பெலான்-பெலான்."

இரண்டாவது வகுப்பில்
அடுத்த முறைக்குக் காத்திருந்த ஏழு வயசுப் பையன்
மைலோவை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்,
அந்தப் பக்கத்தை அவன் போன வருஷமே முடித்துவிட்டானாம்.
சிரித்தேன்.
ஆனால் வந்தது ஆத்திரம். நிஜ ஆத்திரம்.
நாற்பத்தாறு வயதில் ஒரு மைலோ டப்பாவின் மேல்.

அப்போதுதான் மிஸ் தியோ, "இப்படி வரணும்" என்று
என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி
நான்கு வரி வாசித்துக் காட்டினாள்.
எனக்குத் தெரியும் அந்த நான்கு வரி.
நான்கு வருடம்
நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் சொருகும் கண்ணோடு
கேட்டுக்கு வெளியே காரில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு
ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி
என் மகள் என்று கேட்டுப் பூரித்த வரிகள்.
ஒரு தடவை அதைக் கைப்பேசியில் பதிந்து
ஈப்போவில் இருக்கும் என் தங்கைக்குக்கூட அனுப்பினேன்.

நடுநடுவே தட்டுத்தடுமாறி ஒன்று கேட்குமே,
பாவம் யாரோ புதுப் பிள்ளை என்று
அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து நான் எதையும் கேட்கவில்லை.
தங்கையின் போனில் அது இன்னும் இருக்கலாம். இருக்கட்டும்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில்
ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப்
பிளாஸ்டிக் விரிப்பின் பூக்கள் மேல் தட்டிப் பார்த்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
சத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை, நகமும் இல்லை.
மறுபடி. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

"நாலை முழுங்குற" என்றாள் ஷர்மிதா.
தலை நிமிரவில்லை. கட்டைவிரல் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.
மறுபடி தட்டினேன்.
"இன்னும் முழுங்குற."
மறுபடி.

அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைக்கடியில் எதுவோ தரையை உரசியது.
சுங்கைப்பட்டாணிக்காரர் மறந்துபோன பெடல்.
காலாலேயே அதை
என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.