இருபது நிமிடம்

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்று நாற்பதுக்குப் பிறந்தேன்.
வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கின் சாலையை அன்று பனி மூடியிருந்தது.
மருத்துவச்சி சறுக்குக் கட்டைகளில் வந்தாள்,
காப்பி கேட்டாள், என்னை எடுத்தாள்,
கடிகாரம் பார்த்து எழுதினாள்.
ஆண்டு அறுபத்து நான்கு.

கொஞ்சம் பொறு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.
சொல்லக் காரணமும் இல்லை.
எனக்கு ஒன்பது வயது முடியும்போதுதான்
ஓஸ்லோவில் சட்டம் எழுதினார்கள்:
பண்ணை இனி மூத்த பிள்ளைக்கு,
ஆணானால் என்ன, பெண்ணானால் என்ன.
பெண் மட்டும்
அறுபத்தைந்து பிறந்த பிறகு பிறந்திருக்க வேண்டும்.

எங்கேயாவது கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்.
கிழித்தார்கள்.
அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்து
தொட்டிலுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவே போயிற்று.

எனக்கு நான்கு வருடம் இளையவன் எய்வின்.
நல்லவன்.
அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை எளிதாகிவிடும்.
கடலில் எண்ணெய் மேடையில் இரண்டு வாரம், கரையில் இரண்டு வாரம்.
நான் ஹோனெஃபொஸில் பதிவு அலுவலகத்தில்
முப்பது வருடம் ஊரார் பத்திரங்களைச் சரிபார்த்தேன்.
ஒரு காற்புள்ளி இடம் மாறினால்
ஒரு காடு கைமாறும் என்று தெரிந்துகொண்டேன்.

அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.
எண்பத்தைந்து வயதுவரை பண்ணையை யாருக்கும் எழுதித் தரவுமில்லை.
கை நடுங்கத் தொடங்கியதும்
பால் கறக்கும் ரோபோ ஒன்றை வாங்கிப் போட்டார்.

மார்ச்சில் அவர் போன இரவு எய்வின் கடலில் இருந்தான்.
நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டிலில் சிவப்பு விளக்கு.
ரோபோ நின்றுவிட்டிருந்தது.
திரையில் ஆறு கட்டங்கள்: பயனர் எண்.
தாக்ரோஸ் மடி கனத்துக் கதறிக்கொண்டிருந்தாள்.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.
கணக்குக்குரியவர் பேச வேண்டும் என்றது ஒரு குரல்.
அவர் இனிப் பேசமாட்டார் என்றேன்.
குரல் வருந்தியது.
கணக்கு உரிமம்தான், உடைமை அல்ல,
வாரிசுக்குத் தானாகப் போகாது,
இறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்,
பத்து வேலைநாள் ஆகும் என்றது.

தாக்ரோஸின் மடிக்கு வேலைநாள் தெரியாது.

எய்வின் பிறந்த நாளைப் போட்டேன். தவறு.
வெட்கத்தோடு என்னுடையதைப் போட்டேன்.
முப்பத்தொன்று, பன்னிரண்டு, அறுபத்து நான்கு.
தவறு.
இன்னும் ஒரு முயற்சி மிச்சம் என்றது திரை.

வெகுநேரம் நின்றேன்.
பிறகு விரல் தானாகப் போயிற்று:
பூஜ்யம் ஒன்று, பூஜ்யம் ஒன்று, ஆறு ஐந்து.

விளக்கு பச்சையானது.
கதவு விலகித் தாக்ரோஸ் உள்ளே போனாள்,
தூரிகை அவள் காம்புகளைக் கழுவியது.

இது என்ன? உயிலா?
இல்லை. எனக்கே தெரியும்.
உயிலுக்குக் கையெழுத்து வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும்.
அங்கே இருந்தவை இருபத்திரண்டு மாடுகள்.
மன்னிப்பா, வேடிக்கையா,
மறக்காமலிருக்கப் பிடித்த ஒரு எண்ணா?
நாளுக்கு இரண்டு முறை, எத்தனை வருடம்,
நடுங்கும் விரலால் என்னை இருபது நிமிடம் தள்ளிப்
பெற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

பண்ணை எய்வினுக்குத்தான் வந்தது, முறைப்படி.
அவனுக்குப் பிறகு தீரில்.
மூத்தவள், பெண், சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.
திரோன்ஹைமில் கணினி விளையாட்டுகளுக்கு ஒலி அமைக்கிறாள்.
மாட்டின் மூச்சைப் பதிவு செய்து
டிராகனுக்குப் பொருத்தியதாகச் சொன்னாள்.
கொட்டிலிலேயே தூங்கும் அவள் தம்பி யோஸ்டெய்ன்
பதினோரு மாதம் பிந்திவிட்டான்.
அவனுக்கு வயது பத்தொன்பது.
அவனிடம் நான் எதுவும் சொல்வதில்லை.

அன்று விடியற்காலையில் எய்வின் அழைத்தான்,
பின்னால் ஹெலிகாப்டர் இரைச்சல்.
எப்படித் திறந்தாய் என்றான்.
எண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

அது யாருடைய தேதி?

யாருடையதும் இல்லை என்றேன்.
அன்றைக்கு நம் வீட்டில் யாரும் பிறக்கவில்லை.