கண்ணின் வெள்ளை

சம்மாந்துறை ஆலையில்
வெள்ளாமை வந்து குவிகிற மாசம்.
உமித்தூசி தொண்டைக்குள் இறங்கி
மூன்று இரவாய் என்னைப் பிடித்து உலுப்பியது.
மூன்றாம் இரவு,
விலா எலும்பு முறியும் என்றிருந்த ஓர் இருமலில்
ஏதோ அறுந்திருக்கிறது.
எனக்குத் தெரியாது. நோவில்லை.

சுபஹுக்கு ஒளுச் செய்து நிமிர்ந்தேன்.
"அல்லாஹ்வே, கண்!" என்றாள் ஜெஸீமா.
தேத்தண்ணி அவள் கையில் சரிந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்:
இடது கண்ணின் வெள்ளையில்
வத்தகப்பழக் கீற்றுப் போல் ஒரு சிவப்பு.

ஊருக்கு வேறு கணக்கு.
லாபிர் ஹாஜியார் கிட்ட வந்து என் மூச்சை மோந்தார்.
மூட்டை தூக்கும் சாமித்தம்பி
"ஆரோட அடிபட்ட நீங்க?" என்று சிரித்தான்.
ஓட்டோக்காரன் மிச்சக் காசை
கையில் தரவில்லை, இருக்கையில் வைத்தான்.

கல்முனை ஆசுப்பத்திரியில் டொக்டர்
இமையை விரித்து டோர்ச் அடித்தார்.
பிரஷரும் பார்த்தார்.
"இருமினதில மயிர் போல நரம்பொண்டு வெடிச்சிருக்கு.
கண்ணுக்கு மருந்து வேணாம்,
ரெண்டு கிழமையில தானாப் போகும்.
இருமலுக்குத் தாறன்."
அவ்வளவுதான்.
தராசின் முள் முன்போலவே தெளிவாய்த் தெரிந்தது.

வியாழக்கிழமை
நெல் விற்ற காசுக்குச் சறூபா வந்தாள்,
தம்பி அஸ்மீரின் பெஞ்சாதி.

அவன் மையத்தைத் தூக்கிய அன்று
இந்தக் கண்கள் அரிசி போல இருந்தன.
வாடகைக் கதிரைகளை எண்ணிப் பார்த்தேன்.
கபுறு வெட்டியவர்களுக்குக் கூலி கொடுத்தேன்.
அறைத் திரையை விலக்கி
அவள் என் முகத்தில் எதையோ தேடினாள்.
கிடைக்கவில்லை.
திரையை விட்டுவிட்டாள்.
அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம்
கணக்கு வழக்கைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

இன்று தராசுக்கு அந்தப் பக்கம்
என் கண்ணைக் கண்டு நின்றாள்.
ஹாஜியார் மேசைக் காற்றாடி ரெண்டு தரம் திரும்பும் வரை நின்றாள்.
"இப்பயா மச்சான்?"

இருமல் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
இருமல் வந்தது.
சாக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்,
ரெண்டு கண்ணும் நிறைந்து வழிந்தன.
இருமினால் வழியும்தானே.

காசை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு
"மறுகா வாறன்" என்று கிறுகிப் போனாள்.

இப்போது ஓரத்தில் மஞ்சள் இறங்குகிறது.
"போகுது, போகுது" என்கிறாள் ஜெஸீமா.
நான் கண்ணாடிக்கு முன்
கொஞ்சம் கூடுதலாய் நிற்கிறேன்.