முப்பது சொற்களுக்குள்

காட்சிக்கூடத்திலிருந்து ஓர் அட்டை வந்திருக்கிறது.
வெள்ளை. கையகலம்.
'இந்த மேலங்கிக்கு உந்துதல் எது?
முப்பது சொற்களுக்குள் எழுதித் தரவும், வெள்ளிக்கிழமைக்கு முன்.'
இன்று வியாழன்.
வால்பரைசோவின் மேல் மூடுபனி இறங்கி
எங்கள் குன்றேறும் விஞ்ச்
பாதி வழியில் காணாமல் போகிறது.

கடல் என்று எழுதலாம்.
போன முறையும் கடல் என்றுதான் எழுதினேன்,
அதற்கு முந்தின முறையும்.
கடல் பாவம்,
எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

வெண்ணெய்ப்பழக் கொட்டை என்று எழுதலாம்.
பேருந்து நிலையத்து ரொட்டிக்கடை ஹசிந்தோ
நாளுக்கு ஒரு வாளி எறிகிறான்.
எறியாதே, கொடு என்றேன்.
'தின்னவா?' என்றான்.
நசுக்கிக் கொதிக்கவைத்தால் தண்ணீர்
முதலில் சேறு, பிறகு தேநீர்,
மூன்றாம் மணி நேரத்தில்
விரல்களை விளக்குக்கு எதிரே பிடித்தால் தெரியுமே
அந்தச் சிவப்பு.
அதில் முக்கியது
என் தங்கை மணவிலக்கான மறுநாள்
'எரித்துவிடு' என்று தந்துபோன இரட்டைக் கட்டில் கம்பளி.
எரிக்கவில்லை.
அவளுக்கு இன்னும் தெரியாது.

காயப்போட்ட இரவில் மழை.
தகரக் கூரையின் துருப்பிடித்த ஆணியொன்று
சொட்டிச் சொட்டி
முதுகு நெடுக ஒரு கருங்கோடு.
பகலெல்லாம் திட்டினேன்
கூரையை, ஆணியை, கூரையேறச் சோம்பிய எலியோதோரோவை.
சாயங்காலம் அந்தக் கோட்டின் மேலேயே
ஊசியை நடத்தினேன்.
இப்போது ஒருத்தி அதை முதுகெலும்பு என்கிறாள்,
ஒருவர் ஆறு என்கிறார்,
கூடத்துக்காரி 'துணிச்சலான முடிவு' என்கிறாள்.
ஆணியிடம் சொல்லவில்லை.
தலைக்கனம் வந்துவிடும்.

பொத்தான்கள் வேலைநிறுத்தத்தில் பிறந்தவை.
துறைமுகம் மூடிய முப்பத்தொரு நாளும்
எலியோதோரோ வீட்டில்.
கப்பலுக்கு இரும்பைப் பற்றவைக்கும் கை
சும்மா இருக்கத் தெரியாமல்
சர்க்கரை டப்பாவைத் திறந்தது, மூடியது, திறந்தது.
ஒரு மாட்டுக்கொம்பையும் அரத்தையும் கொடுத்தேன்.
ஏழு கேட்டேன், ஐந்து செய்தான்,
ஐந்தும் ஐந்து அளவு.
ஆறாவதை அராவும்போது தொலைபேசி அடித்தது,
சம்பளம் ஏறிவிட்டது என்று கத்திக்கொண்டு
படியிறங்கி ஓடினான்.
கழுத்தருகே இரண்டு துளைகள் வெறுமையாக இருக்கின்றன.
தைத்து மூடவில்லை.

வலது கையைவிட இடது கை இரண்டு விரற்கடை நீளம்.
ஏன் என்று
அளவு நாடாவைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அட்டை கேட்பது இவற்றை அல்ல.
எது முதலில், என்று கேட்கிறது.

ஜூலைக் குளிர்.
அரசு மருத்துவமனையின் நீண்ட வரிசை.
எனக்கு முன்னால் ஒரு பெண்,
கையில் பழுப்பு உறை, முத்திரை பிரிக்காதது.
பெரிய உறை.
உடுப்பில் பை இல்லை.
நெஞ்சோடு அணைத்தாள், அக்குளில் செருகினாள்,
முதுகுக்குப் பின் மறைத்தாள்,
பின்னால் நின்ற எனக்கு
அவள் பெயர் தெரிந்துபோனது.
ஒரு தாளைக் கொஞ்ச நேரம்
யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க
இடம் இல்லாமல் இருந்தாள் ஒருத்தி.
அவளை அழைத்தார்கள். போனாள்.
வேறு கதவு வழியாக வெளியேறியிருப்பாள்.

என் வரிசைச் சீட்டின் பின்புறம்
ஒரு பை வரைந்தேன்.
அகலமாக, ஆழமாக, இடுப்புக்கும் கீழே போகும்படி.
பைக்கு ஒரு துணி வேண்டியிருந்தது.
துணிக்கு ஒரு நிறம்.
மற்றதெல்லாம் அந்தப் பை கீழே விழாமலிருக்க
அதைச் சுற்றி வந்து சேர்ந்தவை.

அவள் பெயரை எழுத மாட்டேன்.
எழுதினேன்:
'இடப்பக்கப் பை ஆழமானது. ஒரு உறை மடங்காமல் உள்ளே போகும்.'

எட்டுச் சொற்கள்.
மிச்சம் இருபத்திரண்டு.
அதில் கூடத்துக்காரி வேண்டுமானால்
கடலை நிரப்பிக்கொள்ளட்டும்.