மூலைக்கு மூலை

கட்டிங் டேபிளில் நான் மூலைக்கு மூலை அளந்ததில்லை.
மார்பு, நீளம், கை, கழுத்து, அவ்வளவுதான்.
பி.என். ரோட்டுக் கடையில் ஒரு பையன்
சாய்வாக டேப்பை இழுத்துச் சொன்னான்:
"அம்பத்தஞ்சுங்ணா."

கம்பெனியில் கிடந்த பனியன் பெட்டிகளைப் பிரித்து
நாற்பத்தெட்டுக்கு இருபத்தேழு அட்டை வெட்டி
சுவரில் ஒட்டினேன்.
காலண்டர் கதவுக்குப் பின்னால் போனது.
கட்டிலில் சாய்ந்து பார்த்த கோகிலமணி
"சீரியல் மாமியாளுக்கு மூக்கே
நம்ம சோத்துச்சட்டியாட்ட இருக்குமுங்க" என்றாள்.
அவள் தம்பி தரணீஷுக்கு அளவு பொருட்டில்லை.
பட்டனை அமுக்கினால் கார் அப்போதே திரும்பணும்.
நூற்றிருபது ஹெர்ட்ஸ் என்றான்,
ஊசி நம்பர் சொல்வதுபோல.

நோம்பி போனஸ் வந்தது.
சீட்டுக்காரருக்குப் போக மீதியைக்
கவரோடு கொண்டுபோனோம்.
முப்பது டி.வி.யிலும் ஒரே கிளி.
கைக்கெட்டிய பெரிய கிளி
நாலு தண்ணியில் துவைத்த டீ-சர்ட்டாய் வெளுத்திருந்தது.
வெளுக்காத கிளியின் விலையைப் படித்துவிட்டு
மூவரும் மின்விசிறிப் பக்கம் நகர்ந்தோம்.
தரணீஷ் தன் கேம் பெட்டியைப் பையிலேயே கொண்டுவந்திருந்தான்.
சின்னதில் சொருகி ஓட்டினான்.
திரும்பியது கார்.
கோகிலமணி ஒன்றும் பேசவில்லை,
ரிமோட்டைக் கையில் எடை பார்த்தாள்.

இப்போது அட்டையின் மேலேயே
நாற்பத்துமூன்று தொங்குகிறது.
பக்கத்துக்கு ஐந்து அங்குலம், மேலே கீழே மூன்று,
தையலுக்கு விட்டதுபோல மிச்சம்.

வலது ஓரத்தில் தரணீஷின் ஸ்கோர்.
இடது ஓரத்தில் பால் கணக்கும்,
மாதத் தவணை எட்டும்,
அதில் இரண்டை அடித்த கோடும்.