பெயரெச்சம்

பிப்ரவரி முதல் பாதியில் அகப்பட்டது.
அதனால் ஆண்டுக்குப் பின் ஒரு 'சி',
வரிசைக்கு இன்னோர் எழுத்து, கடைசியில் ஓர் எண்.
இகுயோவுக்கு இது புதிதில்லை.
அவள் தொழுவத்தில் முப்பத்தெட்டு மாடுகள்,
காதுக்குக் காது மஞ்சள் வில்லை,
வில்லையில் பத்து இலக்கம்.

நான்கு படங்கள், இருபது நிமிட இடைவெளியில்.
எல்லாப் புள்ளியும் நின்ற இடத்தில் நிற்க
ஒன்று மட்டும் நகர்ந்திருந்தது,
கூட்டத்திலிருந்து நழுவும் கன்றுபோல.

அன்று விடியலில்தான் அவள் வண்டி
பனிக்குள் சரிந்தது.
ஹொக்கைடோவின் வடகோடி. மைனஸ் இருபத்தேழு.
பனியள்ளும் லாரியில் வந்த தொகாஷி
பார்க்காமலே கடந்திருப்பார்.
பக்கத்து இருக்கை நாய் கண்ணாடியைப் பிறாண்டியது.

பாதை உறுதிப்பட ஒன்பது வருடம்.
அப்புறம் நிரந்தர எண் வந்தது,
பெயர் சொல்லும் உரிமையும்.

மேயர் தன் பெயரைக் கேட்கவில்லை,
அதில் எத்தனை எழுத்து என்று மட்டும் சொன்னார்.
அரசியல்காரர் என்றால்
செத்து நூறு வருடம் ஆகவேண்டும் என்றாள் இகுயோ.
பால் கூட்டுறவுக்காரர்கள் வெண்ணெயின் பெயரோடு வந்தார்கள்.
விற்கிற பொருளுக்கு அங்கே இடமில்லை.

தொகாஷியிடம் போனாள்.
உங்கள் பெயரை வைக்கவா?
எவ்வளவு பெரிசு?
மூன்று கிலோமீட்டர் இருக்கலாம்.
நம் தலையில் விழுமா?
விழாது.
அப்போ எனக்கெதற்கு? உன்னைக் கண்டுபிடித்தது நாய்.

வளர்ப்புப் பிராணிகளின் பெயரைக்
குழு விரும்புவதில்லை.

நாயின் பெயர் நகோரி.
இரண்டு எழுத்தில் எழுதுவார்கள்.
முதல் எழுத்துக்குப் பொருள் பெயர்,
அடுத்ததற்கு எச்சம்.
அலை திரும்பிய பின் கரையில் தங்கும் நீரிலிருந்து
வந்த சொல் என்பார்கள்.
கோள்கள் திரண்டு முடிந்தபோது
எதிலும் சேராமல் மிஞ்சிய கல்லுக்கு
வேறென்ன வேண்டும்?

விண்ணப்பத்தில் அலையைப் பற்றி எழுதினாள்.
நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
பொய்யும் இல்லை.

குழு ஒப்புக்கொண்ட இரவு
தொகாஷி மேய்ச்சல் வெளியில் நின்று கத்தினார்:
நகோரி!
பதினாறு வயது நாய், காது போய்விட்டது.
வேலியோரம் எதையோ முகர்ந்தபடி போனது.
மேலேயும் எதுவும் திரும்பவில்லை.

அந்த இரண்டு எழுத்தை
என் மொழியில் அப்படியே ஒட்டிப் பார்க்கிறேன்.
எட்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைத்த சொல்தான் வருகிறது:
முடியாமல் நின்று
ஒரு பெயருக்காகக் காத்திருக்கும் வினை.

நழுவிய.
மிஞ்சிய.
கண்ணாடியைப் பிறாண்டிய.
கூப்பிட்டும் திரும்பாத,
இன்னும் சுற்றுகிற