ஒழுகாத கூரை

ஞாயிறு பகல் பன்னிரண்டே முக்கால்.
ஈரி ஏரியிலிருந்து கிளம்பிய காற்று
டொலிடோவின் பாதிக் கூரைகளைப் புரட்டிவிட்டுப் போய்
நாலு நாள் ஆகிறது.
காரின் மேல் ஏணி இன்னும் கட்டியபடியே கிடக்கிறது.
சமையலறை மேசையில் போன், ஆறிய காபி,
போனுக்குள் ஒரே ஒரு காலி இடம்:
டிஃபென்சிவ் பேக், இரண்டாமவர்.
ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

கையில் இரண்டு பேர்.

டேவியன் பாஸ்கோம், கார்னர்பேக்.
பதினோரு ஆட்டமாக அவன் பக்கம் வரப் பந்துக்கே பயம்.
குவார்ட்டர்பேக்குகள் அந்தத் திசையை ஒருமுறை பார்ப்பார்கள்,
தெருமுனையில் கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
போன வாரம் அவனுக்கு ஒரு டேக்கிள்.
அதற்கு முந்தைய வாரம் அதுவும் இல்லை.

மற்றவன் ஓரின் கில்யார்ட்.
இருபத்திரண்டு வயது, முதல் வருஷம்.
எல்லோரும் அவனைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள்.
தாண்டவிட்டுத் துரத்திப் பிடிக்கிறான்.
பிடித்தால் ஒரு பாயிண்ட்.
தாண்டவிட்டதற்குக் கழிவு கிடையாது.

பட்ட காலிலே படும்.
எங்கள் ஆட்டத்தில் இது புலம்பல் அல்ல, விதிமுறை.
தடுமாறுகிற ஒருவனைத் தேடு.
எதிரே கெட்டிக்கார ரிசீவர் நிற்கிறானா பார்.
அவன் அணி பந்தைத் தொலைத்துத் தொலைத்து
நாள் முழுக்க அவனை வெயிலிலும் பனியிலும் நிற்கவைக்குமா பார்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு எடு.
மூன்றாவது பீரில் இதைச் சொல்லிக்கொடுத்தவன்
டெல்பர்ட் ஹோர்வாத்,
தார் ஷீட் வியாபாரி, மூன்று முறை கோப்பை எடுத்தவன்,
இந்த வாரம் எனக்கு எதிராளி.

புரியாத கணக்கல்ல எனக்கு.
காப்பீட்டுக் கம்பெனிக்காக உடைந்ததை அளக்கிறவள் நான்.
பத்தொன்பது வருஷத்தில்
ஒழுகாத கூரைக்காக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.
அதை ஆணி ஆணியாகப் பார்த்து அடித்தவனின் பெயர் எழுத
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கில்யார்டை இறக்கினேன்.

இரண்டாம் கால்பகுதியில்
அறுபத்தொரு கெஜம், அவன் தலைக்கு மேலே.
கோட்டருகே முழங்காலிட்டுக் கிடந்த முகத்தைக்
கேமரா அவசரமில்லாமல் பார்த்தது.
அப்புறம் எல்லாப் பந்தும் அவனிடம்தான் வந்தது.
ஐந்து டேக்கிள், ஆறு, எட்டு.
ஒவ்வொன்றுக்கும் மேசையைத் தட்டினேன்,
அவன் தோற்கத் தோற்க என் எண் ஏறியது.

கடைசி இரண்டு நிமிஷம்.
அணி இருபத்துநாலு பாயிண்ட் பின்னால்,
நாற்காலிகள் காலி.
எவனோ ஒரு மாற்றாள் பந்தோடு தப்பி ஓடுகிறான்,
கில்யார்ட் மைதானத்தின் அந்த மூலையிலிருந்து
இந்த மூலைவரை ஓடிவந்து
குதிகாலைப் பிடித்துச் சாய்த்தான்.
யாருக்கும் தேவைப்படாத டேக்கிள்.
எனக்குத் தேவைப்பட்டது.
அரை பாயிண்டில் ஜெயித்தேன்.
டெல்பர்ட் ஒரு வளைந்த ஆணியின் படம் அனுப்பினான்,
வார்த்தை ஒன்றுமில்லை.

ராத்திரி, தூக்கம் பிடிக்காமல்,
பாஸ்கோம் ஆடிய ஆட்டத்தை ஓடவிட்டேன்.
பந்து இருக்குமிடம்தான் கேமராவுக்கு ஊர்.
ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும் அந்த ஒரு நொடி
திரையின் ஓரத்தில் அரைத் தோள், ஒரு வெள்ளைக் கையுறை.
பிறகு அவன் சட்டத்துக்கு வெளியே.
அங்கே என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது.
அவன் காவல் காத்த ரிசீவருக்குப் பூஜ்யம்.
அவனுக்கும் பூஜ்யம்.

இன்னும் அவனை விடவில்லை.
பெஞ்சில் வைத்திருக்கிறேன்.
அடுத்த வாரமும் இறக்கமாட்டேன்.

திங்கள் காலை ஏணி ஏறினேன்.
பிய்ந்த பலகைகளுக்கு நடுவே சாக்பீஸால் வட்டம் போட்டு
எண்ணிக்கொண்டிருந்தவள்
பக்கத்து வீட்டுக் கூரையையே பார்த்தபடி நின்றுவிட்டேன் போலிருக்கிறது.
ஒரு ஓடு அசையவில்லை அதில்.
கீழிருந்து திருமதி ப்ரூவிட் கத்தினாள்:
"மோசமா?"
"நல்ல மோசம்," என்றேன்.
அவள் முகம் மலர்ந்தது.