வலது கால்

எடிசனிலிருந்து ஆறரை மணி நேரம்.
இரண்டு டோல், ஒரு வாந்தி,
கனெக்டிகட் நீளத்துக்கு ஒரு சண்டை.
மலையுச்சி வரை காரிலேயே போகலாம் என்றேன்.
ஓரத்தில் தடுப்பே இல்லாத ரோட்டிலா,
ஆளை விடுங்கள் என்றாள் உமையாள்.
ஆகையால் ரயில்.

டாலரை ரூபாயால் பெருக்குவதை விட்டுப்
பத்து வருஷம் ஆகிறது.
டிக்கெட் ஜன்னலில் மறுபடி பெருக்கினேன்.

வாஷிங்டன் மலையடிவாரம், நியூ ஹாம்ப்ஷயர்.
காலை முதல் வண்டிக்கு மட்டும் இன்னும் நிலக்கரி.
எஞ்சின் பெட்டிக்குப் பின்னால் நின்றது,
மூக்கைத் தரையில் குத்தி,
குளத்தில் இறங்கப்போகும் எருமைபோல்.
கொதிகலனைச் சாய்த்தே செய்திருக்கிறார்கள்.
சரிவில் ஏறும்போதுதான் அது நேர்;
சமதரையில் கோணல்.
எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தார்.

தண்டவாளத்துக்கு நடுவே ஏணி படுத்திருக்கிறது.
சக்கரம் அதன் படிகளை
ஒவ்வொன்றாகக் கடித்து ஏறுகிறது.
டக். டக். டக்.
சோலு வாயைப் பொத்திக்கொண்டான்.
போன வாரம்தான் அவனுக்கு முன்பல் விழுந்தது.

பிரேக் பிடிக்க ஒரு பெண். பெயர் ஹேலி.
பத்தொன்பது இருக்கும், கல்லூரி விடுமுறை,
காது மடலில் கரி.
பெட்டிக்கும் எஞ்சினுக்கும் கொக்கி கிடையாது என்றாள்.
அது தள்ளுகிறது,
நாம் அதன்மேல் சாய்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.
உமையாள் என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மரங்கள் இடுப்பளவாயின,
முழங்காலளவாயின,
பாசியாயின,
பிறகு வெறும் கல்.
எல்லோரும் சாய்ந்து கிடந்தோம்.
தண்ணீர் பாட்டிலுக்குள் தண்ணீர் மட்டும்
எதையும் ஒப்புக்கொள்ளாமல் மட்டமாக நின்றது.

‘அப்பா, அங்கே பிரேக் இல்லை.’
மெய்யு குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் வலது கால்
மரத்தரையை அழுத்திக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.
எடுத்தேன்.
அடுத்த வளைவில் அது தானாகவே திரும்பிப் போயிற்று.

உச்சியில் மேகம்.
நான்கு மாநிலமும் கடலும் தெரியும் என்றது பலகை.
எனக்குக் கையிலிருந்த காப்பி தெரிந்தது.
காற்று கொண்டுபோய்விடாமல்
ஒரு வீட்டைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.
சோலு வெள்ளைக்குள் கையை நீட்டி ‘ஹலோ’ என்று கத்தினான்.
உள்ளிருந்து யாரோ, கிழவர் குரல்,
‘ஹலோ’ என்றது.
கொடுத்த காசுக்கு இது போதும் என்றாள் உமையாள்,
பல் கிட்டிக்க, சிரித்துக்கொண்டே.
மூன்று நாளில் அவள் என்னிடம் சிரித்தது அப்போதுதான்.

இறங்கும்போதுதான் ஹேலிக்கு வேலை.
இரண்டு இரும்புச் சக்கரங்கள்.
இதில் கால் திருகு, அதில் அரைத் திருகு,
கொஞ்சம் விடு, மறுபடி பிடி.
கண்கள் எங்கோ இருந்தன;
காதால்தான் பிடித்தாள்.
எழுபது பேர் அந்த மணிக்கட்டில் இருந்தோம்.
யாரும் அதைப் பார்க்கவில்லை,
நானும் மெய்யுவும் தவிர.

கார் நிறுத்துமிடத்தில்
சாவியை மெய்யுவிடம் கொடுத்தேன்.
இந்த முனையிலிருந்து வாசல் வரைக்கும்தான் என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கண்ணாடியைத் திருப்பினாள்,
சீட்டை முன்னால் இழுத்தாள்,
என் உயரத்தை முழுதாக அழித்தாள்.

சரளைக்கல் நொறுங்க நகர்ந்தோம்.
பின்சீட்டில் சோலு டக், டக் என்றான்.
தொப்பிக்காரக் குடும்பம் ஒன்று
பேச்சு சுவாரசியத்தில் குறுக்கே வந்தது.
என் கால் தரையை மிதித்தது.
பின்னால் உமையாளின் காலும்;
சத்தம் கேட்டது.

மெய்யு அதற்குள் நிறுத்தியிருந்தாள்.